உலகத்தை எழுப்பியவர்கள் உள்ளே நின்றவர்களே!

(தலைப்பு: தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி வீழ்ந்ததற்குப் பெரிதும் காரணம் உள்ளே நின்று போராடிய மக்களா? வெளியே இருந்து நெருக்கிய உலகமா? – ‘உள்ளே நின்று போராடிய மக்களே’ என்ற அணியில், பென்னலூர் மேடையில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! ஷிப்ட் முடிஞ்சு யூனிபார்மைக்கூட மாத்தாம வந்து உட்கார்ந்திருக்கிற பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதித் தொழிலாளத் தோழர்களே! தாய்மார்களே!

எதிரணித் தலைவர் ரொம்பக் கெட்டிக்காரர். எங்க ஊருக்கே வந்து, எங்க பக்கத்து ஊரையே எனக்கு எதிரா சாட்சி சொல்ல வச்சுட்டார். (சிரிப்பு) “நீங்கள் வந்த பாதையில்தானே திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது? 1985-ல் நசாவ் நகரத்தில் நடந்த காமன்வெல்த் மாநாட்டில், தென்னாப்பிரிக்கா மேல் பொருளாதாரத் தடை வேண்டும் என்று வாதாடியவர் அவர்தானே? 1986-ல் அணிசேரா நாடுகள் ஹராரேயில் கூடி ஆப்பிரிக்க நிதியைத் தொடங்கியபோது அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அவர்தானே?” என்று கேட்டார். அத்தனையும் உண்மை. ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கலை.

நான் கேட்கிறது ஒரே கேள்வி. நிறவெறியைக் கொள்கையாகவே அறிவிச்ச தேசியக் கட்சி அங்கே ஆட்சிக்கு வந்தது 1948. அமெரிக்க நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டது 1986. நடுவிலே 38 வருஷம். அத்தனை வருஷமும் இந்த வெளி உலகம் எங்கே போயிருந்தது? அதை யார் போய் எழுப்பினா? (கைதட்டல்)

நம்ம வீட்டுக் கணக்கிலிருந்தே தொடங்கறேன். 1860 நவம்பர் 16. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் கரையைத் தொட்டது. உள்ளே 342 பேர். கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகள். பின்னாலே 1895-ல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிஞ்சும் அங்கேயே தங்கினா ஆளுக்கு வருஷத்துக்கு 3 பவுன் வரி. பவுன்னா நம்ம அம்மாக்கள் கழுத்தைத் தடவிப் பார்க்கிற பவுன் இல்லை, இங்கிலீஷ் பணம். (சிரிப்பு) 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். மாசம் 10 ஷில்லிங்கில் வேலைக்குச் சேர்ந்த ஏழைக்கு ஆறு மாசச் சம்பளம்! மனைவிக்குத் தனி, வளர்ந்த பிள்ளைக்குத் தனி.

1913-ல் ஒரு நீதிபதி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்ற பொருள் படும்படி தீர்ப்புச் சொன்னார். நம்ம தாய்மார்கள் எல்லாரும் ஒரே நாளில் தாலி கட்டியும் மனைவி இல்லை என்று ஆகிவிட்டார்கள். 11 பெண்கள் ட்ரான்ஸ்வாலில் இருந்து கிளம்பினார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் தமிழ்ப் பெண்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினார்கள். அரசாங்கம் என்ன பண்ணிச்சு தெரியுமா? கைதே பண்ணலை. கண்டுக்காம விட்டா களைச்சுப் போயிடுவாங்கன்னு நினைச்சது. அவர்களா களைப்பவர்கள்? நேரே நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளிகளோடு பேசினார்கள். சுரங்கம் நின்றது. நவம்பர் 6-ஆம் தேதி காந்தியடிகள் பின்னால் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் எல்லையை நோக்கி நடந்தார்கள். அப்புறம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களும் நின்றன.

அப்பத்தான் அரசாங்கம் தன் கையைக் காட்டியது. தொழிலாளிகளை ரயிலில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய், சுரங்க வளாகத்தைச் சுற்றி வேலி போட்டு அதையே சிறை என்று அறிவித்தது. நேற்று வரைக்கும் வேலை வாங்கின கங்காணி இன்னைக்கு ஜெயில் வார்டர்! சவுக்கடி விழுந்தது. தோட்டங்களில் சில தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த அணியில் சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் கண்ணை மூடினாள். வயசு 16. அவளுக்கு முன்னாலேயே 1909-ல், குளிர் காலத்தில் சிறையில் வதைபட்டு வெளியே வந்து செத்துப்போன நாகப்பனுக்கு வயசு 18.

இப்போ வெளி உலகத்துக்கு வருவோம். 1913 நவம்பரில் வைஸ்ராய் ஹார்டிங் பிரபு, நம்ம சென்னையிலே வச்சு, அந்தப் போராட்டக்காரர்கள் பக்கம் இந்தியாவின் அனுதாபம் இருக்கிறது என்று பகிரங்கமாகப் பேசினார். அதே சாம்ராஜ்யத்து வைஸ்ராய் பேசினது சாதாரண விஷயம் இல்லை. விசாரணைக் கமிஷன் வந்தது. 1914-ல் 3 பவுன் வரி ஒழிந்தது. திருமணங்கள் செல்லும் என்றானது. ஆனா வரிசையைப் பாருங்க ஐயா! முதலில் 11 பெண்கள், அப்புறம் சுரங்கம், அப்புறம் தோட்டம், அதுக்கும் அப்புறம்தான் வைஸ்ராய். வைஸ்ராய் வந்து தட்டி எழுப்பி எங்க அம்மாக்கள் எழுந்திருக்கலை! (பலத்த கைதட்டல்)

“இது நிறவெறி ஆட்சிக்கு முந்தின கதையாச்சே” என்று எதிரணித் தம்பி முணுமுணுக்கிறார். காதிலே விழுது தம்பி. பேர்தான் 1948-ல் வச்சாங்க. பிள்ளை முன்னாடியே பிறந்தாச்சு. (சிரிப்பு) கறுப்பின மக்களை ஏறத்தாழ 7 சதவீத நிலத்துக்குள் அடைச்ச நிலச் சட்டம் வந்தது அதே 1913-ல்தான்.

சரி, 1946-க்கு வாங்க. இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பு போடும் சட்டம் வந்தது. டாக்டர் மாண்டி நாயக்கரும் டாக்டர் யூசுப் தாதூவும் தலைமை தாங்க, டர்பனில் தடை செய்த ஒரு காலி மனையில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரக் காலிகள் ராத்திரியில் வந்து கூடாரத்தைக் கிழித்து அடித்தார்கள். போலீஸ் யாரைப் பிடிச்சது? அடி வாங்கினவர்களை! சுமார் 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். அந்த ஆண்டு மார்ச்சிலேயே தென்னாப்பிரிக்க இந்தியர்களின் தூதுக்குழு டெல்லிக்கு வந்து வைஸ்ராயிடம் முறையிட்டது. ஜூலையில் இந்தியா வணிகத்தை முறித்துக்கொண்டது. உலகத்திலேயே முதல் நாடு நாம்தான். நம்ம ஏற்றுமதியில் 5.5 சதவீதம் அவர்களோடு இருந்தபோது அதைத் தூக்கி எறிந்தோம். டிசம்பர் 8-ல் ஐ.நா. பொதுச்சபையில் விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் வாதாடித் தீர்மானமும் நிறைவேற்றினோம். பெருமைதான். ஆனா அந்தக் கடிதத்தை எழுதினது டெல்லி என்றால், விலாசம் எழுதிக் கொடுத்தது டர்பன்! அடுத்த ஆண்டே நாயக்கரும் தாதூவும் ஆப்பிரிக்கத் தலைவர் டாக்டர் சூமாவோடு ஒப்பந்தம் போட்டுக் கைகோத்தார்கள். 1952-ல் கறுப்பரும் இந்தியரும் சேர்ந்து சட்டத்தை மீறி 8,000 பேருக்கு மேல் சிறை சென்றதற்கு 1946 ஒரு பாடம் என்று மண்டேலாவே தன் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

எதிரணித் தலைவர் சொல்லாம விட்டதையும் நானே சொல்லிடறேன். 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டி. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ், நம்ம சென்னைப் பிள்ளைகள் இருந்த அணி. எதிரே தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று இந்தியா சொன்னது. அவர்கள் ஆடாமலேயே கோப்பையை எடுத்துப் போனார்கள். நாம் கொடுத்தது ஒரு கோப்பை. உள்ளே இருந்தவன் கொடுத்தது என்ன? 1960 மார்ச் 21, ஷார்ப்வில் என்ற ஊரில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். ஐ.நா. பாதுகாப்பு சபை கண்டித்தது. பிரிட்டனும் பிரான்சும் அதற்குக்கூடக் கை தூக்கவில்லை. சில வருஷத்தில் வெளிநாட்டு முதலீடு மறுபடி அங்கே கொட்டியது. கண்டனம் ஒரு கையில், காசோலை இன்னொரு கையில்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்த வழக்கின் உயிரான இடம் இனிமேல்தான் வருது. அரசாங்கம் அடிச்சுப் பார்த்தது, சுட்டுப் பார்த்தது, சிறையில் போட்டுப் பார்த்தது. கடைசியா ஆசை காட்டிப் பார்த்தது. 1983-ல் புது அரசியல் சட்டம். மூன்று சபை: வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தாருக்கு 85, இந்தியருக்கு 45. கறுப்பருக்கு? சைபர். “நீங்க எங்க பக்கம் வந்துடுங்க, உங்களுக்கு நாற்காலி தர்றோம்” என்பது பேரம். 1984 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. பதிவு பெற்ற இந்திய வாக்காளர்களில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 20 சதவீதம். பெரும்பாலோர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். எங்க அண்ணன் தம்பிக்கு இல்லாத நாற்காலி எங்களுக்கும் வேண்டாம் என்று அந்தக் காலிச் சாவடிகள் சொல்லின. இதைச் செய்யச் சொல்லி எந்த வெளி நாடும் படை அனுப்பலை ஐயா!

அப்போதே இன்னொன்றும் நடந்தது. 20 வருஷம் ராபன் தீவுச் சிறையில் இருந்து 1984-ல்தான் வெளியே வந்த பில்லி நாயர், மறுபடி பிடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து, இன்னும் ஐந்து தலைவர்களோடு டர்பனில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார். பிரிட்டன் அவர்களைத் துரத்தவும் இல்லை. அவர்களுக்காகப் பரிந்து பேசவும் இல்லை. வெளி உலகத்தின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

“1985-ல் அமெரிக்க வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்தது, அதில்தான் அரசு ஆடியது” என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனா வங்கிக்காரனுக்குத் திடீர்னு கருணை பிறந்துடுச்சா? அந்த ஜூலையில் கறுப்பர் குடியிருப்புகள் கொந்தளித்து, நெருக்கடி நிலை பிரகடனம் ஆனது. அந்த மாசக் கடைசியில் வங்கி கையை உதறியது. கடை எரியும்போது எந்த மேனேஜர் லோன் புதுப்பிப்பார்? (சிரிப்பு, கைதட்டல்) அவர் பயந்தது நெருப்புக்கு. நெருப்பை மூட்டினவர்கள் உள்ளே இருந்தார்கள்.

பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் அம்மையார் ஒரு வாதம் வைத்தார். தடை போட்டால் ஏழைக் கறுப்பருக்குத்தான் வேலை போகும் என்றார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. ஆனா வாதத்தில் ஒரு பாதி நிஜம். இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அது தெரியும். 2014-ல் நம்ம தொழிற்பேட்டையில் ஒரு பெரிய செல்போன் தொழிற்சாலை மூடினப்போ, எத்தனை வீட்டில் வாடகை நின்றது, எத்தனை பொண்ணுங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குத் திரும்பினாங்க? கம்பெனி போனால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த தொழிலாளிக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டான்! ஆல்பர்ட் லுதூலி 1959-லேயே எங்கள் நாட்டுப் பொருளை வாங்காதீர்கள் என்று உலகத்தைக் கேட்டார். 1985 டிசம்பரில் டர்பனில் பிறந்த தொழிற்சங்கக் கூட்டமைப்பு கோசாட்டு. அதன் முதல் பொதுச்செயலாளர் ஜே நாயுடு, தமிழ் வம்சாவளி. அந்தச் சங்கம் தடையை ஆதரித்தது. அப்படிப் பேசுவதே குற்றமாக இருந்த நாட்டில் பேசியது.

நம்ம திருப்பெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், தனக்கு நரகம் கிடைத்தாலும் சரி, எல்லாரும் கேட்கட்டும் என்று திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தைச் சொன்னதாகக் கேட்டிருக்கிறோமே, அந்தத் துணிவுதான் இது. நட்டம் தனக்கு என்று தெரிந்தும் கேட்கிறவனுடைய குரலுக்குத்தான் பலம். வெளியே இருந்த நல்லவர்கள் அந்தக் குரலைத் தூக்கிப் போனார்கள். ராஜீவ் காந்தி தூக்கினார், அமெரிக்க மாணவர்கள் தூக்கினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்வோம். குரல் யாருடையது? அதுதானே இன்றைய தலைப்பு!

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நடுவர் மணியைத் தொடுகிறார். (சிரிப்பு) 1946-ல் ஐ.நா.வில் நாம் குற்றம் சாட்டியபோது தென்னாப்பிரிக்கத் தரப்பு திருப்பிக் கேட்டது, உங்கள் நாட்டில் தீண்டாமை இல்லையா என்று. அவர்கள் கேட்டது தப்பிக்க. ஆனா கேள்வி பொய்யில்லையே! 1950-ல் நம் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்கு 23 வருஷம் முன்னாலேயே, 1927-ல், அம்பேத்கர் தலைமையில் மகாட் குளத்தில் இறங்கி மக்கள் தண்ணீர் குடித்தார்கள். சட்டம் வந்த பிறகும் நம்ம டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததே, அதை எடுக்கச் சொல்லி நியூயார்க்கில் இருந்து யார் வருவார்? அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன்தான், “எல்லாருக்கும் ஒரே கிளாஸ் வை, இல்லைன்னா எனக்கும் டீ வேண்டாம்” என்று எழுந்திருக்கணும். 1984-ல் டர்பன் இந்தியர்கள் செய்தது அதுதான்.

1990 பிப்ரவரி 11-ல் மண்டேலா 27 வருஷச் சிறையிலிருந்து நடந்து வெளியே வந்தார். 1994 ஏப்ரலில், அந்த நாட்டுக் கறுப்பின மக்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக நாடாளுமன்றத் தேர்தலுக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் பக்கம் நடுவர் அவர்களும் நின்று, உள்ளே நின்று போராடிய மக்களே என்று தீர்ப்புத் தருமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)