கொடைக்கானலுக்குக் காரைக் கட்டி இழுத்துப் போகலாமா?



நம் அடித்தளப் பார்க்கிங்கில் உறை போட்டு நிற்கும் அந்தப் பழைய இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சென்ற மாதம் அதன் சொந்தக்காரர் என்னிடம் ஒரு யோசனை சொன்னார். "கோடை விடுமுறைக்கு ஒரு கேரவனை வாடகைக்கு எடுப்போம் சார். பின்னால் என் ஹெரால்டைக் கட்டிக்கொண்டால் மலை மேலே போய் அதில் ஊர் சுற்றலாம். அமெரிக்காவில் எல்லாரும் இப்படித்தானே போகிறார்கள்?"

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஹெரால்டும் சாதாரண வண்டி அல்ல. 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரானது. அதே ஹெரால்டின் சேஸிஸைச் சற்றுக் குறுக்கித்தான் 1962இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆனால் கொடைக்கானல் சாலையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், அந்த மலை இந்த யோசனைக்கு ஏன் இடம் தராது என்பது புரியும்.

மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அப்போது வண்டி போகும் பாதையே கிடையாது. திருச்சி–மதுரை ரயில் பாதை 1875இல் வந்த பிறகு, பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். இன்று நாம் கொடைக்கானல் ரோடு என்று சொல்லும் நிலையம் அதுதான். அங்கிருந்து மாட்டு வண்டியில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் பெரியகுளத்துக்கு அருகில் மலையடிவாரத் தோப்பு வரும். வண்டிக்கு அதுவே எல்லை. அதற்கு மேல் குதிரையில் போகலாம், அல்லது ஆட்கள் தூக்கும் டோலியில் போகலாம். வசதியில்லாதவர்கள் நடந்தார்கள். பெட்டி, கட்டில், பாத்திரம் எல்லாம் கூலியாட்களின் தலையிலும் தோளிலும் ஏறின.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் அங்கேதான் 1909 ஜனவரியில் கண்டறிந்தார். அப்போதும் அந்த ஊருக்கு மோட்டார் சாலை இல்லை.

1870களில் மேஜர் லா என்ற அதிகாரி வகுத்த தடம்தான் இன்றைய மலைச் சாலையின் மூலம். அது 1914வாக்கில்தான் முழுமையான சாலையாக முடிந்தது. அதன் பிறகே மோட்டார் வண்டிகள் மேலே வரத் தொடங்கின. வத்தலக்குண்டு தாண்டி காட் ரோடு பிரிவில் திரும்பி, டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று நாம் ஏறும் பாதை அதுதான். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தை அந்தச் சாலை வளைந்து வளைந்து கடக்கிறது. அந்த வளைவுகள் ஒற்றை வண்டிக்காகப் போட்டவை.

இனி நண்பரின் யோசனைக்கு வருவோம். அமெரிக்காவில் பெரிய கேரவன்களின் பின்னால் ஓர் இரும்புச் சட்டத்தால் சிறிய காரை இணைத்து, அதன் நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுத்துப் போவது வழக்கம்தான். பெரிய வண்டியை முகாமில் நிறுத்திவிட்டுச் சிறிய காரில் ஊர் சுற்றுவார்கள். ஆனால் அதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களை இப்படி இழுத்தால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும்; இன்ஜின் ஓடினால்தான் அதற்குள் எண்ணெய் சுற்றும். ஹெரால்டுக்குக் கை கியர் என்பதால் அந்தக் கவலை குறைவு. பிரேக்தான் பெரிய கவலை.

பின்னால் வரும் காரில் பிரேக் மிதிக்க ஆள் இல்லை. அங்கே அதற்கென்றே ஒரு தனிக் கருவியைக் காருக்குள் வைப்பார்கள். முன் வண்டி பிரேக் போடும்போது அது காரின் பெடலை அழுத்தும். அது இல்லையென்றால் இரண்டு வண்டிகளின் பாரத்தையும் முன் வண்டியே தாங்க வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 800 கிலோ எடையுள்ள கார் 1,800 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் கிட்டத்தட்ட இரண்டரையைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பகுதி காற்றிலும் டயரிலும் கரையும். மற்றதை முன் வண்டியின் இன்ஜினும் பிரேக்கும் வாங்கிக்கொள்ள வேண்டும், தன் சொந்தப் பாரத்தோடு சேர்த்து. மலையில் இழுத்து ஏறுவது பெரிதல்ல, பிடித்து இறங்குவதுதான் பெரிது.

இன்னொன்று, இப்படி இணைத்த வண்டியைப் பின்னால் எடுக்க முடியாது. சில அடி நகர்வதற்குள் காரின் முன் சக்கரங்கள் கோணலாகத் திரும்பி மாட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் எதிரே அரசுப் பேருந்து வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்கும் நீங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

சட்டமும் இதை ஏற்பதில்லை. 1989இல் வந்த சாலை விதிகளின்படி, பதிவு செய்த டிரெய்லர், சைடுகார் தவிர, பழுதான வண்டியையோ முழுமையாகப் பூட்டி முடிக்காத வண்டியையோ மட்டுமே இழுக்க முடிந்தது. இரண்டுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. 2017இல் வந்த புதிய விதிகளும் இதே போக்கில்தான் உள்ளன. நன்றாக ஓடும் காரை உல்லாசத்துக்காகக் கட்டி இழுப்பதற்கு அவற்றில் இடமில்லை. 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கும் அங்கே தடை வந்தது. கேரவனும் அதன் பின்னால் நாலு மீட்டர் காரும் சேர்ந்தால் நீளம் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சற்று வாடித்தான் போனார். பிறகு நானே ஒரு மாற்று சொன்னேன். ஹெரால்டை அதன் சொந்தக் காலிலேயே ஏற்றுங்கள். ரேடியேட்டர், பிரேக், டயர் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விடியற்காலையில் கிளம்புங்கள். சூடேறினால் ஊத்தில் நிறுத்தி ஒரு டீ குடியுங்கள். திரும்பும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் மட்டும் விடாதீர்கள்.

இந்தக் கோடையில் மலை ஏறப்போகும் நம் குடும்பங்கள் எல்லாருக்கும் இதையே சொல்கிறேன். தாத்தா காலத்தில் அடிவாரத் தோப்பில் வண்டியை விட்டுவிட்டுத்தான் மேலே போனார்கள். மலை தாங்குவதை மட்டும் கொண்டு போவது அந்தக் காலத்து வழக்கம். நமக்கும் அது பொருந்தும்.

மே மாதம் அடித்தளத்தில் அந்த உறை காலியாகக் கிடந்தால், ஹெரால்ட் எங்கே போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.