மெழுகுப் பையும் நான்கு மாணவர்களும்

2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு. ஏழை நாடுகளுக்கு உதவும் பொருள் ஒன்றை மிகக் குறைந்த விலையில் வடிவமைக்க வேண்டும். ஜேன் சென், லைனஸ் லியாங், ராகுல் பணிக்கர், நாகானந்த் மூர்த்தி என்ற நால்வர் குழுவுக்குக் கிடைத்த வேலை, மலிவான இன்குபேட்டர். அப்போது ஒரு நல்ல இன்குபேட்டரின் விலை சுமார் 20,000 டாலர்! அதில் நூற்றில் ஒரு பங்கு செலவில் செய்ய வேண்டும். நால்வரில் ஒருவர்கூட டாக்டர் இல்லை.

லியாங் நேபாளம் போய்ப் பார்த்தார். அங்கே ஆஸ்பத்திரியில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறப்பதோ தொலைதூரக் கிராமங்களில். அவை ஆஸ்பத்திரி வந்து சேர்வதே இல்லை என்றார் டாக்டர். ஆக, பிரச்சினை விலை மட்டுமல்ல, தூரமும்தான். கிராமத்தில் கரண்ட்டும் கிடையாது.

எடை குறைந்த குழந்தையின் உடலில் கொழுப்பு குறைவு. அதனால் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். இதற்கு அவர்கள் செய்தது தூங்கும் பை போன்ற ஒன்று. அதற்குள் மெழுகு போன்ற பொருள் அடைத்த சிறு பை. சூடாக்கினால் உருகும், திரும்ப உறையும்போது பல மணி நேரம் 37 டிகிரியிலேயே நிற்கும். தொடர்ந்து கரண்ட் தேவையில்லை.

படிப்பு முடிந்ததும் இந்தியா வந்து பெங்களூரில் வேலையைத் தொடர்ந்தார்கள். மகாராஷ்டிராவில் ஒரு தாய் சொன்னது அவர்களைத் திகைக்க வைத்தது. ஆங்கில மருந்துக்கு வீரியம் அதிகம், டாக்டர் ஒரு ஸ்பூன் சொன்னால் நான் அரை ஸ்பூன்தான் கொடுப்பேன், இதையும் 37-க்குப் பதில் 30-ல்தான் வைப்பேன் என்றாராம்! குழந்தை மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த 7 டிகிரியில் குழந்தையின் உயிரே போகலாம். உடனே எண்களை எடுத்துவிட்டு, சரியான சூடு வந்ததா இல்லையா என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள்.

2011-ல்தான் பை இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. வகுப்பிலிருந்து கணக்குப் போட்டால் நான்கு வருடம்.

காமர்ஸ் படிக்கும் எனக்கு இதற்கு அடுத்த கட்டம்தான் முக்கியமாகப் படுகிறது. பையைப் பயன்படுத்துவது ஏழைத் தாய். பணம் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரியும் அரசாங்கமும். இலவசமாகக் கொடுக்க லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றும், விற்பதற்குத் தனிக் கம்பெனி ஒன்றுமாக 2012-ல் அவர்கள் பிரிக்க வேண்டி வந்தது. விலையைக் குறைத்தால் பொருள் தானாக ஏழையிடம் போய்ச் சேரும் என்று நினைக்கிறோம். நேபாளத்தில் இன்குபேட்டர்கள் இலவசமாகவே வந்திருந்தன. அப்போதும் போய்ச் சேரவில்லையே!