முறையான பிள்ளைகள்

கிறிஸ்தவக் கணவன் மணமுறிவு கோர, மனைவியின் விபசாரம் ஒன்றே போதும் என்றது 1869-ஆம் ஆண்டுச் சட்டம். மனைவியோ அதனுடன் கொடுமையையோ, இரண்டாண்டுக் கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை செல்லாதெனக் கேரள உயர் நீதிமன்றம் 1995-இல் தீர்த்தது. நாடாளுமன்றம் 2001-இல் சட்டத்தைத் திருத்தியது. எத்தனை தலைமுறைப் பெண்கள் காத்திருந்தனர்!

ஆனால் கோவிலில் மறுமணம் செய்ய, முந்தைய திருமணம் செல்லாதென மறைமாவட்டத் தீர்ப்பாயமும் அறிவிக்க வேண்டும். “அப்படியானால் என் மகன் முறைகெட்டுப் பிறந்தவனா, சாமி?” என்று சங்கரன்கோவில் பக்கத்துத் தாயொருத்தி என்னிடம் அழுதாள். இல்லவே இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1137-ஆம் விதி தெளிவானது: செல்லுமென நல்மனத்துடன் நம்பப்பட்ட திருமணத்தில் பிறந்தோரும் முறையான பிள்ளைகளே. இதை மறையுரையில் சொல்லாதது எங்கள் குறை.

தீர்ப்புக்குப்பின் அவள், மனைவியை இழந்த ஒருவரைக் கோவிலில் மணந்தாள். அவருடைய பெண்மக்கள் இருவரும் அவளைச் ‘சித்தி’ என்கின்றனர். மகன் அவரை இன்னும் எந்த முறை சொல்லியும் அழைப்பதில்லை. ஆயினும் புதுநன்மை நாளன்று அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவர் அவர்தாம்; அவனும் விலகாமல் நின்றான்.