பாரிஸ்–மாட்ரிட் பந்தயம் (1903): பொதுச்சாலையும் தானுந்து விரைவும்

முன்னுரை

தானுந்துப் பந்தயம் தோன்றிய காலத்தில் அதற்கெனத் தனிக் களம் இருக்கவில்லை. நகரங்களை இணைத்த பொதுச்சாலைகளே பந்தயக் களங்களாக விளங்கின. 1903 மே 24 அன்று தொடங்கிய பாரிஸ்–மாட்ரிட் பந்தயம் பிரான்சில் இம்முறையை ஏறத்தாழ முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் உயிரிழப்புகளுக்கு ஓட்டுநர்களின் துணிச்சலை மட்டுமே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. விரைவு பன்மடங்கு பெருகிய பின்னரும் சாலையும் அதன் பயன்பாடும் மாறாதிருந்தமையே அடிப்படைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விரைவின் வளர்ச்சி

1894இல் நடைபெற்ற பாரிஸ்–ரூவான் ஓட்டம், வண்டிகள் இடையில் நின்றுவிடாமல் ஓடுகின்றனவா என்பதைச் சோதிக்கும் நோக்குடையது. 1895இல் எமில் லெவாசோர் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் ஏறத்தாழ 1,180 கி.மீ. தொலைவை 48 மணி 48 நிமிடங்களில் கடந்தார். அவரது சராசரி விரைவு மணிக்குச் சுமார் 24 கி.மீ. மட்டுமே. எட்டு ஆண்டுகள் கழித்துப் பெர்னான் காப்ரியேல் வெர்சாயிலிருந்து போர்தோ வரையிலான சுமார் 550 கி.மீ. தொலைவை மணிக்கு 105 கி.மீ. சராசரியில் கடந்தார். விரைவு நான்கு மடங்கிற்கு மேல் உயர்ந்திருந்தது. சாலையோ குதிரை வண்டிகளுக்கென அமைந்த மண்சாலையாகவே இருந்தது.

எடை விதியின் எதிர்விளைவு

பந்தய வண்டியின் எடை 1,000 கிலோவைத் தாண்டலாகாது என்னும் விதி அப்போது நடைமுறையில் இருந்தது. இவ்விதி எடையை வரையறுத்ததேயன்றி எஞ்சினின் அளவை வரையறுக்கவில்லை. எனவே உற்பத்தியாளர்கள் பெரிய எஞ்சினைப் பொருத்தி, அதன் எடையை ஈடுசெய்ய அடிச்சட்டத்தை மெலிதாக்கினர்; துளையிட்டும் எடையைக் குறைத்தனர். ஆற்றல் மிகுந்து உறுதி குறைந்த வண்டிகள் இவ்வாறு உருவாயின. ஓட்டுநரும் அருகில் அமர்ந்த மெக்கானிக்கும் இருக்கைப் பட்டையோ தலைக்கவசமோ இன்றித் திறந்த வண்டியில் பயணம் செய்தனர்.

சாலையும் மக்களும்

ஆபத்து முன்னரே அறியப்பட்டிருந்தது. 1896இல் நாயொன்றைத் தவிர்க்க முயன்று விபத்துக்குள்ளான லெவாசோர் அடுத்த ஆண்டு இறந்தார். 1901 பாரிஸ்–பெர்லின் பந்தயத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். ஊர்களுக்குள் வண்டிகள் மெதுவாகச் செல்லவேண்டுமென விதிக்கப்பட்டிருந்தது. மிதிவண்டி ஓட்டுபவர் ஒருவர் முன்சென்று வழிகாட்டினார். ஆனால், இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட சாலையில் இத்தகைய கட்டுப்பாடு ஏதுமில்லை.

1903இல் மக்கள் சாலையின் இருமருங்கிலும் திரண்டு, வண்டி நெருங்கும்வரை சாலையிலேயே நின்றனர். இவ்வளவு விரைவில் வரும் வண்டி எவ்வளவு நேரத்தில் தம்மை எட்டும் என்பதைக் கணிக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. புழுதி ஓட்டுநர்களின் பார்வையை மறைத்தது. முன்சென்ற வண்டியை அப்புழுதிக்கிடையே முந்த முயன்ற மார்செல் ரெனோ, கூவே-வெராக் அருகே விபத்துக்குள்ளாகி இருநாட்களில் இறந்தார். அங்கூலேமில் குழந்தையொன்றைக் காக்க முயன்ற படைவீரர் உயிரிழந்தார். ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், பார்வையாளர்கள் ஆகிய மூவகையினரும் இறந்தோரில் அடங்குவர்.

எமில் கோம்ப் தலைமையிலான பிரெஞ்சு அரசு பந்தயத்தைப் போர்தோவிலேயே நிறுத்தியது. வண்டிகள் குதிரைகளால் இழுக்கப்பட்டு இரயில் நிலையம் சேர்ந்தன.

மாற்று வழி

தீர்வுக்கான முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. 1902இல் பெல்ஜியத்தின் ஆர்தென் பகுதியில், மூடப்பட்ட சுற்றுச்சாலையில் பந்தயம் நடத்தப்பட்டது. 1903 ஜூலையில் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் பந்தயத்திற்காகப் பிரித்தானிய நாடாளுமன்றம் சாலைகளை மூடத் தனிச்சட்டம் இயற்றியது. 1907இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் பந்தயத்திற்கெனவே காங்கிரீட் ஓடுதளம் திறக்கப்பட்டது.

முடிவுரை

1903க்குப் பின்னர் விரைவு குறையவில்லை. பந்தயம் பொதுப் போக்குவரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆயினும் பார்வையாளரை வண்டியிலிருந்து பிரிக்கும் பணி அப்போது நிறைவேறவில்லை. 1955இல் மூடிய சுற்றுச்சாலையான லெ மான்ஸில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தமை இதற்குச் சான்று. சாலையை மூடுவது பாதுகாப்பின் முதற்படியேயன்றி முழுப் பாதுகாப்பன்று என்பதை இவ்விரு நிகழ்வுகளும் இணைந்து உணர்த்துகின்றன.