ஸ்பார்க் பிளக்குக்கு வயசு கிலோமீட்டரா, வருஷமா?

பத்து வருஷ ஸ்போர்ட்ஸ் கார், ஓடினது 15,000 கிலோமீட்டர்தான். பிளக் மாத்தணுமா? பதில் பிளக்கோட வரலாற்றிலேயே இருக்கு.

ஸ்பார்க் பிளக் அதற்கு முன்பே உண்டு. ஆனால் 1902-இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில், ராபர்ட் பாஷிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனால்ட் உயர் மின்னழுத்த மேக்னட்டோவை உருவாக்கிய பிறகுதான், வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்கு நம்பகமான பொறி கிடைத்தது.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால், ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்துக்கு 1,500 தடவை பொறி விடும். ஒவ்வொரு பொறியும் முனையைத் துளித்துளியாத் தின்னும். இதுதான் கிலோமீட்டர் கணக்கு. 1920-களில் பெட்ரோலில் ஈயம் கலந்தாங்க. அந்தப் படிவும் பிளக்கில் சேர்ந்தது. பின்னாடி ஈயம் போச்சு, பிளாட்டினம், இரிடியம் முனைகள் வந்தாச்சு. நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியம் 2,400-ஐத் தாண்டணும். தேய்மானம் நல்லாவே குறைஞ்சது.

ஆனா இன்னொரு கணக்கு மாறலை. முனை சுமார் 500 டிகிரி சூடானால்தான் கரி எரிஞ்சு சுத்தமாகும். ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷ ரவுண்டில் அது நடக்காது. அலுமினிய ஹெட்டில் வருஷக்கணக்கா கழட்டாத பிளக் இறுகிப்போகும்; பலவந்தமாத் திருகினா மரையே பிய்ஞ்சு வரும். பிளக் செலவு சின்னது, ஹெட் வேலை பெருசு.

அதனால மேனுவலில் கிலோமீட்டர், வருஷம் ரெண்டும் போட்டிருந்தா, எது முதல்ல வருதோ அப்போ மாத்திடுங்க. இன்ஜின் நல்லா ஆறின பிறகு மட்டும் கழட்டுங்க.