பல பாகங்கள், ஒரே பெயர்: சுங்கத் தீர்வை முடிவாகும் விதம்

கோயம்புத்தூரில் தயாராகும் மாவரைக்கும் மின் கிரைண்டர் ஒன்று லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ கப்பலேறுகிறது. அதன் எடையில் கணிசமான பகுதி கல், பாத்திரம் எவர்சில்வர், அடியில் மின் மோட்டார். கல்லுக்கும், எஃகுப் பாத்திரத்துக்கும், மோட்டாருக்கும் தனித்தனித் தீர்வைகள் இருக்கும்போது, இறங்குதுறையில் இதனை எந்தப் பெயரில் பதிவது?

கிரைண்டரைப் பொறுத்தவரை விடை எளிது. வீட்டு உபயோக மின் சாதனங்களுக்கான 8509 என்ற தலைப்பும் அது சார்ந்த குறிப்பும், உணவு அரைக்கும் இயந்திரங்களை அவற்றின் எடை எதுவாயினும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டுள்ளன. ஆனால் பல பாகங்களால் ஆன எல்லாப் பொருட்களுக்கும் இப்படிப் பட்டியலில் பெயர் இருப்பதில்லை. தீர்வை விகிதத்தைத் தீர்மானிப்பது பொருளின் பெயர் என்பதால், பெயர் குறித்த தகராறு பணம் குறித்த தகராறாக மாறிவிடுகிறது.

அந்தப் பெயர்ப் பட்டியல், பிரஸல்ஸைத் தலைமையகமாகக் கொண்ட உலக சுங்க அமைப்பு பராமரித்து வரும் ஒத்திசைக்கப்பட்ட முறைமை ஆகும். 1988ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த இதனை 200க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரங்களும் பின்பற்றுகின்றன. ஐயாயிரத்துக்கும் அதிகமான பொருட்பிரிவுகளுக்கு இதில் ஆறு இலக்க எண்கள் உள்ளன. எண்கள் உலகுக்குப் பொதுவானவை. விகிதங்களை அந்தந்த நாடே நிர்ணயிக்கிறது.

எந்த எண் பொருந்தும் என்பதில் ஐயம் எழுந்தால், ஆறு பொது விதிகளை வரிசை மாறாமல் பயன்படுத்த வேண்டும். தலைப்பின் சொற்களும் குறிப்புகளும் முதலில் பார்க்கப்படும். அவற்றால் தீராதபோது, பொதுவான பெயரைவிடக் குறிப்பான பெயருக்கே முன்னுரிமை. காருக்கென்றே வெட்டித் தைக்கப்பட்ட கம்பளம், கார் உதிரிப்பாகமாக அன்றிக் கம்பளமாகவே வகைப்படுத்தப்படுவது இதனால்தான். அதுவும் கைகொடுக்காவிட்டால், பொருளுக்கு அதன் அடிப்படைத் தன்மையைத் தரும் பாகம் எது என்ற கேள்வி வருகிறது. பாகத்தின் பருமன், எடை, விலை, பயன்பாட்டில் அதன் பங்கு ஆகிய அனைத்தும் அப்போது கணக்கில் கொள்ளப்படலாம். எது முந்தும் என்று விதி சொல்வதில்லை. வழக்குகள் பெரும்பாலும் முளைப்பது இந்த இடத்தில்தான். கடைசி வழி சற்று வேடிக்கையானது: போட்டியிடும் தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதே வெல்லும்.

ஒரே பெட்டியில் வரும் தொகுப்புகளுக்கும் இதே சோதனைதான். வேகவைக்காத ஸ்பகெட்டி, துருவிய பாலாடைக்கட்டி, தக்காளி சாஸ் ஆகியவை சேர்ந்த பெட்டி ஒரே உணவைச் சமைப்பதற்கானது என்பதால், முழுவதும் ஸ்பகெட்டியாகவே கொள்ளப்படும். ஆனால் இறால், பாலாடைக்கட்டி, இறைச்சி என வெவ்வேறு டின்களை ஒன்றாகக் கட்டி அனுப்பினால் அது தொகுப்பாகாது; ஒவ்வொரு டின்னுக்கும் தனித் தீர்வை.

இதற்கு நேர் எதிரான சிக்கல், முழுப் பொருளையே பாகங்களாகப் பிரித்து அனுப்புவது. பூட்டப்படாமல் வந்தாலும் முழுப் பொருள் முழுப் பொருளே என்கிறது இரண்டாம் விதி. அந்த விதியை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதை உலக வர்த்தக அமைப்பில் சோதித்துப் பார்த்த நாடு சீனா.

முழுக் கார்களுக்கு 25 விழுக்காடும், பாகங்களுக்குச் சராசரியாக 10 விழுக்காடும் தீர்வை விதித்திருந்த சீனா, 2005ஆம் ஆண்டு புதிய நடைமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. சீனாவில் தயாராகும் கார் ஒன்றில் இறக்குமதிப் பாகங்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அந்தப் பாகங்களுக்கு 25 விழுக்காடு கட்ட வேண்டும். பாகங்கள் வெவ்வேறு கப்பல்களில், வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்திருந்தாலும் விலக்கு இல்லை. தீர்வை ஏய்ப்பைத் தடுப்பதே நோக்கம் என்றது பீஜிங். பாகங்களை உள்நாட்டிலேயே வாங்குமாறு கார் நிறுவனங்களை நெருக்கும் உத்தி இது என்று குற்றம் சாட்டி, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 2006இல் முறையிட்டன.

2008 டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பு அளித்த தீர்ப்பு ஒரு நுட்பமான வேறுபாட்டை மையமாகக் கொண்டிருந்தது. சுங்கத் தீர்வை என்பது எல்லையில் வந்து நிற்கும் பொருளின் நிலையைப் பொறுத்து எழுவது. நாட்டுக்குள் நுழைந்த பாகம் பின்னர் எந்தக் காரில் பூட்டப்படுகிறது என்பதைப் பார்த்து விதிப்பது உள்நாட்டு வரியே. அதில் இறக்குமதிப் பொருளுக்கு மட்டும் கூடுதல் சுமை ஏற்றக் கூடாது. சீனா 2009 செப்டம்பரில் அந்த நடைமுறையைக் கைவிட்டது.

ஒரே சமயத்தில் முழுத் தொகுதியாக வரும் பாகங்களுக்கு முழுக் கார் தீர்வை விதிப்பதை அந்தத் தீர்ப்பு தடுத்துவிடவில்லை. இந்தியாவில் 2024ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இந்திய நிறுவனத்திடம் சுமார் 140 கோடி டாலர் கேட்டு அனுப்பப்பட்ட நோட்டீஸின் அடிப்படை அதுவே. ஏறத்தாழ முழுக் கார்களையே பிரித்துத் தனித்தனிச் சரக்குகளாகக் கொண்டுவந்து, 30 முதல் 35 விழுக்காடு கட்ட வேண்டிய இடத்தில் 5 முதல் 15 விழுக்காடு மட்டுமே கட்டப்பட்டது என்பது அதிகாரிகளின் வாதம். இதனை மறுத்த நிறுவனம் 2025இல் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடியது. எத்தனை சரக்குகள் சேர்ந்தால் ஒரு கார் என்ற கேள்வி இங்கு வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

சில பொருட்களில் விதிகளே களைத்துப்போய், பட்டியலை மாற்ற வேண்டியதாகிறது. கேமரா பொருத்திய ட்ரோன்களைக் கேமரா என்ற தலைப்பில் வைத்திருந்தது உலக சுங்க அமைப்பு. பறப்பது அதன் அடிப்படைத் தன்மையாகக் கருதப்படவில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் ஆளில்லா விமானங்களுக்கு 8806 என்ற தனித் தலைப்பு கிடைத்தது.

சரக்கை அனுப்பும் முன்பே வகைப்பாட்டை எழுத்துமூலம் கேட்டுப் பெற வழியுண்டு. 2017இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக வசதிப்படுத்தல் ஒப்பந்தம், இத்தகைய முன்கூட்டிய தீர்மானங்களை வழங்குவதற்கு உறுப்பு நாடுகளைக் கடமைப்படுத்தியுள்ளது. விண்ணப்பத்தில் பாகங்களின் பட்டியலும் அவற்றின் எடையும் விலையும் விரிவாக இருந்தால், அடிப்படைத் தன்மை குறித்து அதிகாரிகள் ஊகிக்க வேண்டிய தேவை குறையும்.