அணாக் கணக்கிலிருந்து ஆகாயக் கணக்கு வரை

போன வாரம் பக்கத்து வயலில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடந்தது. அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, அதுக்குள்ளே இருந்த நெல்லை மட்டும் அறுத்து, அடிச்சு, எடை போட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. கூட வந்த பையன், "இனிமே இதையெல்லாம் சாட்டிலைட்டே பார்த்துடும் ஐயா" என்றான். விளைச்சலை அளக்கிற கதையைக் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

எங்க தாத்தா காலத்தில் கண்ணளவுதான். கணக்குப்பிள்ளை வரப்பில் நின்று பார்ப்பார். முழு விளைச்சல் பதினாறு அணா என்றால் இந்த வயல் பத்தணா, அந்த வயல் ஆறணா என்று எழுதுவார். அவர் எழுதினதுதான் எழுத்து.

கண்ணளவு போதாது என்று 1923 முதல் 1925 வரை பீகார், ஒரிசா பக்கம் ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி அங்கங்கே சின்னத் துண்டு அளந்து, நெல்லை அறுத்து எடை பார்த்தார். 1940களில் பான்சே, சுகாத்மே என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் அதை ஒழுங்கான முறையாக்கினார்கள். இன்னைக்குப் பயிர்க் காப்பீடு நிற்பது இந்தக் கயிற்றில்தான். ஒரு ஊராட்சிக்கு நாலு இடத்தில் அறுத்தால் ஊர் முழுக்க அதே கணக்கு.

ஆகாயக் கணக்கு பிறகு வந்தது. 1978இல் அமெரிக்கா கடலைப் பார்க்க சீசாட் என்ற ரேடார் செயற்கைக்கோளை அனுப்பியது. மூன்றரை மாதத்தில் மின்சாரக் கோளாறில் செத்துப்போச்சு. 1991இல் ஐரோப்பாவின் இ.ஆர்.எஸ்-1 போனது. துய் லெ துவான் என்ற வியட்நாமில் பிறந்த அம்மா, பிரான்சில் இருந்துகொண்டு அதன் படங்களில் ஜப்பான், ஜாவா நெல் வயல்களை ஆராய்ந்து 1997இல் எழுதினார்.

அவர் கண்டதை நம்ம ஊர் ஆளுக்கும் புரியும்படி சொல்றேன். நடவு நட்ட வயலில் தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். சாய்வாக வருகிற ரேடார் அலை அதில் பட்டு வேற பக்கம் தெறிச்சிடும். படத்தில் கறுப்பாத் தெரியும். பயிர் தூர் கட்டி நிமிர நிமிர அலை திரும்பி வரும்; படம் வெளுக்கும். வெளுப்பை வைத்துப் பயிர் எவ்வளவு வளர்ந்திருக்குன்னு கணிக்கலாம். மேகம் இதுக்குத் தடையில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா நிற்கும்போது சாதாரண கேமராவுக்கு வானம் மூடியிருக்கும், ரேடாருக்குத் தெரியும்.

2014இல் போன சென்டினல்-1 படங்கள் எல்லாருக்கும் இலவசம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து நம்ம மாநில நெல்லை இப்படிக் கணித்திருக்கிறார்கள். 2023 காரிஃப் பருவத்திலிருந்து மத்திய அரசு பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கும் கோதுமைக்கும் தொழில்நுட்பக் கணக்குக்குக் குறைந்தது 30 சதவீதப் பங்கு கொடுத்திருக்கிறது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் போனது. இதன் ஒரு அலை 24 சென்டிமீட்டர் நீளம். பழைய குட்டை அலை மேல் இலையோடு நின்னுடும். நீள அலை உள்ளே கிளை, தண்டு வரை போகும். அதனால் காட்டின் எடையைக்கூடக் கணிக்கலாம்.

இவ்வளவும் நல்லதுதான். ஆனா ஒண்ணு. ரேடார் பார்ப்பது தாளையும் தண்ணியையும். நெல்மணியைப் பார்க்காது. எப்போ நட்டது, எவ்வளவு இலை என்பதைப் படத்திலிருந்து எடுத்து, வெயிலும் மழையும் சேர்த்து, கம்ப்யூட்டர்தான் மகசூலைக் கணக்குப் போடுகிறது.

ஒரு வருஷம் என் வயலில் பயிர் இடுப்புயரம் நின்னது. பூக்கிற நேரத்தில் நாலு நாள் விடாத மழை. ரோட்டில் போனவர்கள், "இந்த வருஷம் அமோகம்" என்றார்கள். அறுத்தால் பாதிக்கு மேல் பதர். வைக்கோல் போர் மட்டும் எப்பவும் போல உயரமா நின்னது. மாட்டுக்குச் சந்தோஷம். அன்னிக்கு ரோட்டில் போனவர்களுக்கு ஏமாந்த கண். ஆகாயத்திலிருந்து பார்த்தாலும் அதே ஏமாற்றம்தான்.

நடாத வயல், மூழ்கின வயல் எதுன்னு ஆகாயத்திலிருந்து சொல்லட்டும். அதில் அது கணக்குப்பிள்ளையை விட நேர்மை. காபி வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனா கயிறு கட்ட வருகிறவர்களை நிறுத்திவிடக் கூடாது. கதிரை உருவி, கையில் தேய்த்து, ஊதிப் பார்க்க ஒரு ஆள் வயலில் இறங்கத்தான் வேணும்.